டப்பா டீச்சரும் இன்ஸ்பெக்டரும்

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போட முடியாது. பேஸ்ட் தீர்ந்தால் அதன் மூடி என் தங்கைக்கு. முட்டை வாங்கினால் முட்டை எனக்கு, அட்டை அவளுக்கு. செருப்புக் கடைக்குப் போனால் செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள், அது வருகிற பெட்டி கெட்டியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். "கால்ல போட்டுப் பாருங்கம்மா" என்று கடைக்காரர் கெஞ்சுவார். இவள் பெட்டியின் மூடியைத் திறப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். நான் இரண்டடி தள்ளி நின்று, இந்தப் பெண்மணிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் அவளுக்கு டப்பா டீச்சர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

நான் தையல்காரி. முன்னறையில் என் மெஷின், பின்னறையில் அவளுடைய மூட்டைகள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் இருவரும் ஒன்றாக இருக்கிறோம். அவள் எனக்குத் துணையா, நான் அவளுக்குத் துணையா என்ற வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "நேரம் கிடைக்கல" என்பாள். சினிமாவுக்குப் போகாததற்குச் சொல்கிற காரணம் மாதிரி இருக்கும். ஆனால் அவளைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

அவள் வேலை பார்ப்பது சிறப்புப் பள்ளியில். புத்தகப் படிப்பு ஏறாத, பேச்சு முழுதாக வராத பிள்ளைகள். அதிலும் இவளிடம் இருப்பவர்கள் பெரிய பிள்ளைகள், மீசை அரும்பியவர்கள், தாவணி வயசைத் தாண்டியவர்கள். இவர்களுக்குக் கைவேலை பழக்க வேண்டும். கலந்து கிடப்பதைப் பிரிப்பது, பிரித்ததை அடுக்குவது, அடுக்கியதைப் பெட்டியில் கட்டுவது. இதற்கான சாமான் கடையில் கிடைக்காதா என்று நானும் ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கடையில கிடைக்கிறது எல்லாம் மூணு வயசுக் குழந்தைக்கு அக்கா. மீசை வச்ச பையன் கையில யானை பொம்மையக் குடுத்து சிவப்பு யானை எது, பச்சை யானை எதுன்னு கேட்டா அவனுக்கு ரோஷம் வராதா? உன்கிட்ட கேட்டா உனக்கு வராதா?" என்று பிடித்துக்கொண்டாள். அன்று சாப்பாடு ஆறிப்போனது.

ஆகையால் எல்லாவற்றையும் தானே செய்வாள். ஐஸ் தட்டில் திருகாணி ஒரு குழி, நட்டு ஒரு குழி. செருப்புப் பெட்டியைப் பாதியாக வெட்டி, இடப்பக்கம் எடுக்க வேண்டியது, வலப்பக்கம் முடித்தது. ஒரு அட்டையில் சோப்பு, சீப்பு, பிரஷ் எல்லாம் வைத்து ஒவ்வொன்றையும் சுற்றிப் பேனாவால் கோடு இழுப்பாள். பிள்ளை சீப்பைச் சீப்பின் கோட்டுக்குள் வைக்கும். அது பழகினதும் கோட்டில் பாதியை அழிப்பாள். அதுவும் பழகினதும் கோடே இல்லாத அட்டை. ஒரு பிள்ளைக்கு அந்த மூன்று அட்டையைத் தாண்ட ஒரு வருஷமும் ஆகும், இரண்டு வருஷமும் ஆகும். தாண்டாத பிள்ளையும் உண்டு. அதற்கு வேறு அட்டை. இப்படி வெட்டி ஒட்டி, ஒட்டி வெட்டி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் இருக்கிற நினைப்பு போகவில்லையோ என்று தோன்றும். பாவமாக இருக்கும். பாவம் பார்த்து டீ கொண்டுபோனால், "அக்கா, டீத்தூள் டப்பா காலியா?" என்பாள்.

இதில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு பாடு இருக்கிறது. பிள்ளைகள் இன்றைக்குக் கட்டிய பெட்டிகளை நாளைக்கு அவர்களே மறுபடி கட்ட வேண்டும். புதுச் சோப்புக்கும் புதுச் சீப்புக்கும் அவள் எங்கே போவாள்? ஆகவே பள்ளி விட்டபிறகு உட்கார்ந்து, கட்டியதை எல்லாம் பிரித்து, கொட்டி, கலந்து வைக்க வேண்டும். வருஷக்கணக்காக அதைச் செய்தாள். பிறகு வலது தோள் பிடித்துக்கொண்டது. தலை வாரக் கை தூக்க முடியவில்லை, நான்தான் வாரிவிட்டேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் படவரிசை ஒன்று ஒட்டியிருக்கும்: எடு, வை, மூடு, அடுக்கு. அதன் கடைசியில் புதிதாக ஒரு படம் ஒட்டினாள்: கவிழ்ந்த பெட்டி. மணி அடித்தால் அவரவர் பெட்டியை அவரவர் பிரித்து, சாமானை அந்தந்தத் தட்டில் போட வேண்டும். போட்டு முடித்தால் எல்லாரும் கைதட்டுவார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கட்டுவதைவிடக் கொட்டுவது யாருக்குத்தான் கசக்கும்? தலைமை ஆசிரியை வந்து பார்த்து மெச்சினார். தங்கையும் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள்.

அந்த வகுப்பில் ஒரு பெண். ஆள் உயரம், வட்ட முகம், மூக்கின் நுனியில் கண்ணாடி. தன் வேலையை முடித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாகப் போவாள். யாராவது பிரஷ்ஷைத் தலைகீழாக வைத்திருந்தால் அந்த இடத்தில் நின்று தொண்டையைச் செருமுவாள். அவர்கள் திருப்பி வைக்கிறவரை நகர மாட்டாள். அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். இந்தப் பெயரை நான் வைக்கவில்லை, பள்ளியே வைத்தது.

இன்ஸ்பெக்டரின் அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அப்பா எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அந்த வருஷத்தோடு இன்ஸ்பெக்டருக்குப் பள்ளி முடிகிறது. வயசு தாண்டினால் வைத்துக்கொள்ள விதியில்லை. பிறகு பகல் முழுக்க அந்தப் பெண் எங்கே இருப்பாள்? போன கோடை விடுமுறையில் அவள் அம்மா வேறு வழியில்லாமல் உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் கதவைத் தட்டித் தட்டிப் பெண்ணின் இரண்டு கையும் வீங்கியிருக்கிறது. ஜாக்கெட் தைக்க வந்த இடத்தில் என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, அளவு கொடுக்காமலேயே போய்விட்டாள். அதனால்தான் என் தங்கை ஊரெல்லாம் அலைந்து ஒரு கம்பெனியைப் பிடித்தாள். விடுதிகளில் தங்குகிறவர்களுக்குக் கொடுப்பார்களே, சோப்பு, சீப்பு, பிரஷ், பேஸ்ட் வைத்த சின்ன அட்டைப் பெட்டி, அதைக் கட்டுகிற இடம். ஒருநாள் கூட்டி வாருங்கள், செய்துகாட்டட்டும், சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நாளைக்கு நானும் போனேன். வகுப்பு உதவியாளர் விடுப்பு. பெண்பிள்ளையை ஒரு ஆள் மட்டும் வெளியே கூட்டிப்போகப் பள்ளியில் அனுமதி கிடையாது. போதாக்குறைக்கு இன்ஸ்பெக்டருக்கு நான்தான் ஏப்ரன் தைத்திருந்தேன், பெரிய பாக்கெட் வைத்து. பஸ்ஸில் என் தங்கை வாய் ஓயவில்லை. "பள்ளியில கறுப்பு சீப்பு, அங்க ரோஸ் கலராம் அக்கா. மெஷின் சத்தம் வேற. மூடியச் சொருகற விதமும் வேற." கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லா இடத்திலும் தப்பைத் தேடினாள், தப்பு இருக்கிற இடம் தவிர.

இன்ஸ்பெக்டர் அசத்தினாள். ரோஸ் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். மூடியை ஒரே தடவை காட்டினார்கள். பெட்டி பெட்டியாக, எல்லா மூடியும் ஒரே பக்கம் பார்க்க, வலப்பக்கம் அடுக்கிக்கொண்டே போனாள். சூப்பர்வைசர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். "பரவாயில்லையே, எங்க ஆளுங்களவிட நீட்டா இருக்கே" என்றார். என் தங்கை என் கையைப் பிடித்து நசுக்கினாள். தையல்காரியின் கை என்று கூடப் பார்க்கவில்லை.

அப்போது டீ வேளைக்கு மணி அடித்தது.

மற்றவர்கள் எழுந்து போனார்கள். இன்ஸ்பெக்டர் முதல் பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். கவிழ்த்தாள். சோப்பு சோப்புத் தட்டில், சீப்பு சீப்புத் தட்டில். அடுத்த பெட்டி. நாங்கள் மேஜையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் பாதி அடுக்கு காலி. தங்கை கையைப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் உதறிவிட்டாள். வேலை நேரத்தில் கையைப் பிடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எல்லாவற்றையும் பிரித்து முடித்து, காலிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக எங்களைப் பார்த்துக் கைதட்டினாள். நாங்களும் தட்டுவோம் என்று காத்திருந்தாள்.

என் தங்கை தட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். அப்புறம்தான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை, கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. நானும் தட்டினேன்.

"என்ன டீச்சர் இது?" என்றார் சூப்பர்வைசர். "நல்லாத்தானே பண்ணிட்டு இருந்துச்சு?"

"அவ தப்பு இல்ல சார். நான் என்ன சொல்லிக் குடுத்தேனோ அதை அப்படியே செஞ்சிருக்கா."

"இதைச் சொல்லியா குடுப்பாங்க?"

அவள் விளக்கினாள். அவர் கெட்டவர் இல்லை, கடைசிவரை கேட்டார். தலையைச் சொறிந்தார். "அடுத்த மாசம் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என்னால முடியாது. நானும் மேல பதில் சொல்லணும்ல."

வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். "இது உனக்குத் தோணவே இல்லையாடி? கட்டினதை எல்லாம் பிரிச்சுப் போடறதுதான் வேலைன்னு அந்தப் பொண்ணு நினைச்சிட்டு இருக்கு!"

"தோணல. தோள் வலிச்சுது அக்கா. அவ்வளவுதான் தோணுச்சு."

நான் எழுந்து போய் டீ போட்டேன்.

மறுநாளே கவிழ்ந்த பெட்டிப் படத்தைக் கிழித்தாள். மணி அடித்தால் பிள்ளைகள் எழுந்து கை கழுவப் போக வேண்டும், பெட்டிகள் அப்படியே இருக்க வேண்டும். சொல்வது சுலபம். இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் மேஜையைக் கவிழ்த்தான். இன்ஸ்பெக்டர் மூன்றாம் நாள் வழிக்கு வந்தாள். ஆனால் மறுநாள் காலையில் வந்து, காலியான மேஜையைப் பார்த்து, "என் பெட்டி?" என்று கேட்டாள். "கடைக்குப் போச்சு" என்றாள் தங்கை. இன்ஸ்பெக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மூக்குக் கண்ணாடி விழ விழக் கட்டினாளாம். தினம் கேட்பாள், தினம் கடைக்குப் போச்சு. அவள் அம்மாவிடம்கூடப் போய், "கடைக்குப் போச்சு, கடைக்குப் போச்சு" என்று ஒரே பெருமை.

கடைக்கு எங்கே போனது? சாயங்காலம் பிள்ளைகள் வேனில் ஏறியதும் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கை பிரித்துக்கொண்டிருந்தாள். தோள் வலி பழையபடி வந்தது. நானும் தைக்கிறதை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ சட்டையைத் தையல் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறேன், அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நன்றாக இருக்கிற ஒன்றை ஒவ்வொன்றாகக் கெடுப்பதற்கு ஆயாசமாக இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே சோப்பு நேராக, சீப்பு நேராக, பேஸ்ட்டின் பெயர் மேலே பார்க்க வைத்திருப்பாள் அந்தப் பெண். அதைக் கொட்ட வேண்டும். ஒருநாள் என் தங்கை சொன்னாள்: "நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து செஞ்சது எதுவுமே மறுநாள் இருந்ததில்ல அக்கா." சலித்துக்கொள்ளக்கூட இல்லை. சும்மா சொன்னாள்.

கம்பெனிக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது பள்ளி வேன் கிளம்பவில்லை. பேட்டரியோ என்னவோ. பிள்ளைகளை இறக்கி வராந்தாவில் உட்கார வைத்தார்களாம். எங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்திருந்தாள்.

என் தங்கையின் கையில் கவிழ்ந்த பெட்டி. மேஜையில் சோப்புக் குவியல். ஓடிப்போய் மறைக்கவா முடியும்? இன்ஸ்பெக்டர் மேஜைக்கு வந்தாள். இன்னும் பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தாள், அவள் கட்டியதுதான். கொட்டிக் கிடந்ததைப் பார்த்தாள். என் தங்கையைப் பார்த்தாள்.

"கடைக்குப் போகல" என்றாள்.

"போகலம்மா. நான்தான் பிரிச்சேன். தினமும் நான்தான் பிரிச்சேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்." என் தங்கை பிள்ளைகளிடம் குரல் உடைந்து பேசி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் அழவில்லை, கத்தவில்லை. கையிலிருந்த பெட்டியை ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாளிலிருந்து வகுப்பில் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கெஞ்சியும் பயனில்லை. சாமான் தட்டை முன்னால் வைத்தால் ஒரு விரலால் தள்ளிவிட்டாள். மேஜை மேஜையாகப் போவதும் நின்றது. பக்கத்துப் பையன் பிரஷ்ஷைத் தலைகீழாக வைத்தான், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனிக்குப் போன் பண்ணி வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றாள் தங்கை. இன்ஸ்பெக்டரின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரு பிடி பிடித்துவிட்டாள். "டீச்சர், நீங்க போகாம விட்டா நான் மறுபடி பூட்டுதான் வாங்கணும். அங்க போய் உக்காந்துட்டு வரட்டும். வேணாம்னு அவங்க சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க."

போனோம். அம்மாக்காரிக்கு ஆஸ்பத்திரியில் காலை வேலை, முடித்துவிட்டு நேராக வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதே மேஜை, அதே தட்டுகள். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தாள். கை தொடைக்குக் கீழே. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு நகர்ந்தார். சுற்றிலும் பெண்கள் மளமளவென்று கட்டிக்கொண்டிருந்தார்கள். என் தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் என்னைவிட மூத்தவள் என்றுதான் சொல்வார்கள்.

தள்ளுவண்டிக்காரர் ஒருவர் வந்து, கட்டி முடித்த பெட்டிகளை வாரிப் பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இவளும் எழுந்து பின்னாலேயே போனாள். நாங்கள் பதறிக்கொண்டு ஓடினோம். வெளியே ஒரு லாரி நின்றது. பெட்டிகள் ஏறின. கதவைச் சாத்தினார்கள். லாரி கிளம்பி, கேட்டைத் தாண்டி, தெரு முனையில் திரும்பி மறைந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். தள்ளுவண்டிக்காரரிடம் கேட்டாள்: "திரும்பி வருமா?"

"எதும்மா, சரக்கா? அது எதுக்கு வரும்? போனது போனதுதான்."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். முதல் பெட்டியை எடுத்தாள்.

அதன் பிறகு நான் ஏன் சொல்ல வேண்டும்? டீ மணி அடித்தது, அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுக்கு கோபுரமாக உயர்ந்தது. ஒரு பெட்டி விளிம்பில் சரிகிற மாதிரி இருந்தது. என் தங்கைக்குக் கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம், நேராக வைக்கலாம் என்று போனாள். போய்க் கையை நீட்டியதும் இன்ஸ்பெக்டர் இரண்டு கையையும் விரித்து அடுக்கின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"டீச்சர் தொடாதீங்க!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணா, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க. இவங்ககிட்ட குடுக்காதீங்க. இவங்க பிரிச்சிடுவாங்க."

தங்கையின் வகுப்பில் இருந்த நான்கு வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. திங்கட்கிழமையில இருந்து பொண்ணு வரட்டும். நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய இருங்க. உங்களைப் பார்த்தா அதுக்கு வேலை ஓட மாட்டேங்குது."

"சரி சார்" என்றாள் தங்கை. "சரி. நான் வெளிய இருக்கேன்."

கேட்டுக்கு வெளியே ஒரு படி இருந்தது. அதில் உட்கார்ந்தோம். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கிடைத்துவிட்டதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நான் சிடுசிடுத்தேன். எனக்கு ஏனோ அந்தப் பெண்மேல் கோபமாக வந்தது, இவள்மேல் அதைவிடக் கோபமாக வந்தது.

"சந்தோஷமாத்தான் இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

தெருமுனையிலிருந்து இன்ஸ்பெக்டரின் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆஸ்பத்திரி யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. இவள் அழுவதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். "என்னாச்சு டீச்சர்? வேணாம்னுட்டாங்களா?"

"எடுத்துக்கிட்டாங்க. உள்ள கட்டிட்டு இருக்கா. போய்ப் பாரு."

"நீங்களும் வாங்க டீச்சர்."

"நீ போ" என்றாள் என் தங்கை. "நான் வரக் கூடாதாம்."